கரையைத் தாண்டி இரண்டு விரல்

முழங்கையால் இடுப்பில் ஒரு தேய்ப்பு, பிறகு தறியில் நாடாவை ஒரு வீச்சு; மறுபடி ஒரு தேய்ப்பு, ஒரு வீச்சு. பிள்ளையார்பாளையத்து நெசவாளி திருஞானசம்பந்தம் போன மாதம் வரை இப்படித்தான் நெய்துகொண்டிருந்தார். விரலால் சொறியக் கூடாதா என்பீர்கள். விரல் பட்டில் அல்லவா இருக்கிறது! நகத்தில் ஓர் இழை மாட்டினால் போச்சு. அதனால் மனிதர் முழங்கையால் சொறியப் பழகியிருந்தார்.

வயது முப்பத்தெட்டு. ஒல்லி. உலகத்தில் உள்ள எல்லாமே அவருக்குப் புடவைதான். சாம்பார் நீர்த்துப்போனால் "நெசவு தளர்ந்துபோச்சுமா" என்பார். இடுப்பில் வந்த படர்தாமரையையும் நண்பர்களிடம் அப்படித்தான் வருணித்தார்: "நடுவுல சுத்தமா இருக்குதுபா. சுத்திக் கரைதான் ஓடிக்கினு இருக்குது."

பகல் முழுக்கத் தறிக்குழியில் கால், இறுக்கிக் கட்டிய லுங்கி, காயாத வியர்வை. படராமல் என்ன செய்யும்? மருந்துக்கடையில் தானே கேட்டு ஒரு டியூப் வாங்கினார். மூன்று நாளில் அரிப்பு அடங்கும், டியூப் அலமாரிக்குப் போகும். பதினைந்தாம் நாள் கரை இன்னும் அகலமாகத் திரும்பி வரும். இப்படி மூன்று முறை.

இதில் ஒரு கூத்து உண்டு. காலையில் மருந்து பூசுவார். தறியில் இறங்கும் முன் அதைத் துண்டால் வழித்துத் துடைத்துவிடுவார். நெய்த புடவை சுருளும் மரம் வயிற்றை ஒட்டியே இருக்கும். சந்தன நிறப் பட்டில் பிசுக்குப் பட்டால் என்ன ஆவது? உடம்பு எக்கேடு கெட்டால் என்ன, புடவை சுத்தமாக இருக்க வேண்டும்! அமாவாசை அன்று தறிக்கு விடுமுறை; அன்றைக்கு மட்டும் மருந்து உடம்பில் தங்கும். துடைத்த துண்டையே தோளிலும் போட்டுக்கொண்டார். அதனாலோ என்னவோ, வலது முழங்கை மடிப்பிலும் ஒரு வளையம் முளைத்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் மகள் பிறந்தாள். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து வந்த குழந்தை. மனைவி ஏலவார்குழலி முசரவாக்கத்தில் தாய்வீட்டில் இருந்தாள். ஓடிப்போய்ச் சட்டைக்கையை மடித்துவிட்டுக் கையை நீட்டியவர் அப்போதுதான் கவனித்தார். குழந்தையின் தலை வந்து சாயவேண்டிய இடத்தில் சிவப்பாக அந்த வளையம். கையை இழுத்துக்கொண்டார். "நீயே வச்சிக்கோ குழலி" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் அழுதார். வெட்கம் பார்க்காமல் அழுதார், பாவம்.

மறுநாளே தோல் டாக்டரிடம் போனார். அந்தம்மா பழைய டியூப்பைத் திருப்பிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "இதுல ஸ்டீராய்டு கலந்திருக்கு. அரிப்பை அமுக்கிட்டு, உள்ள பூஞ்சையை நல்லா வளர விடும். இனிமே இதைத் தொடக் கூடாது" என்றார். வேறு மருந்து எழுதிக் கொடுத்தார். "குளிச்சு, ஈரம் போகத் துடைச்சு, காலையும் சாயங்காலமும் பூசணும். கரையோட நிறுத்தாதீங்க, கரையைத் தாண்டி ரெண்டு விரல் வெளியவும் பூசுங்க. மறைஞ்சுபோன பிறகும் ரெண்டு வாரம் விடாம பூசணும். பூசினதும் கையைக் கழுவுங்க. துண்டு, லுங்கியைத் தனியா துவைச்சு நல்ல வெயில்ல போடுங்க. நாலு வாரத்துல கேக்கலைன்னா திரும்பி வாங்க. குழந்தைக்கு ஏதாவது வந்தா இந்த டியூப்பைப் பூசாம இங்க தூக்கிட்டு வாங்க."

"பொடவையில கறை ஆயிடுமேமா?"

"பூசினது காயட்டும். மேல பழைய பருத்தி வேட்டியைச் சுத்திக்கிட்டு உக்காருங்க."

"கொயந்தையத் தூக்கலாமா?"

"முழுக்கைச் சட்டையால அந்த இடத்தை மூடிக்கிட்டுத் தூக்கலாம்."

டாக்டர் சொல்லிவிட்டார், இவருக்குத்தான் மனம் துணியவில்லை. அன்று முதல் அரை மணி முன்னதாக எழுந்து, குளித்து, பூசி, காயும்வரை கையை அகட்டிக்கொண்டு நிற்கிறார். ஞாயிறு தவறாமல் தன் துண்டைத் தனிப் பையில் போட்டுக்கொண்டு முசரவாக்கத்துக்கு பஸ் ஏறுகிறார். பாய் ஓரம் உட்கார்ந்து மகளுக்கு விசிறுகிறார். அவள் எத்தனை தரம் கொட்டாவி விட்டாள் என்பது வரை சொல்வார். தூக்க மட்டும் மாட்டார். ஏக்கம் முகத்தில் அப்பிக் கிடக்கும்.

போன ஞாயிறு, மருந்து தொடங்கி இருபதாம் நாள். வளையம் மறைந்து நான்கு நாள் ஆகியிருந்தது. மாமியார் அங்கம்மாள் அவர் கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணையும் காணோமே மாப்ள. புடிங்க புள்ளைய."

குழலி குழந்தையை நீட்டினாள். பால்வாசம் முகத்தில் பட்டது. கை தானாக எழுந்து, பாதியில் நின்றது.

"இன்னும் பத்து நாள் இருக்குது. போன தபாவும் இப்டித்தான் சுத்தமா இருந்துச்சு. மூணு தபா ஏமாந்துட்டேன் குழலி."

"உங்களுக்காக இவ வளராம அப்டியே இருப்பாளா?" குழலியின் குரல் உடைந்தது.

அவர் எழுந்தார். மாலை மருந்துக்கு நேரமாகியிருந்தது. கிணற்றடியில் கையைக் கழுவி, ஈரம் துடைத்து, டியூப்பைத் திறந்தார். வளையம் போய்விட்டது, ஆனால் கரை எங்கே ஓடியது என்பது அவருக்கு மனப்பாடம். அங்கிருந்து இரண்டு விரல் வைத்து அளந்து, ஒன்றுமில்லாத தோலில் பூசினார். பின்னால் வந்து நின்ற குழலியின் தோளில் குழந்தை அவர் பக்கம் முகம் திருப்பிக் கிடந்தது.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. மருந்து காய்ந்ததும் சட்டைக்கையை இறக்கிவிட்டு, வலது கையை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு மெல்ல ஆட்டிக்கொண்டே வந்தார். ஒரு பள்ளத்தில் பஸ் தூக்கிப் போட்டது. இடது கை சட்டென்று வந்து, அந்த வெறும் மடிப்பை அடியில் தாங்கிக்கொண்டது.