நூற்றுக்கு முப்பத்துநான்கு

மந்தாகினி ஹெக்டே நடப்பதைப் பார்த்தால் பெங்களூர் ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் மிரண்டுபோவார்கள். தாழ்வாரத்தில் பின்காலை முன்காலுக்கு அப்பால் வீசிப்போட்டு, தலையில் மூட்டை சுமப்பவள்போலத் தள்ளாடிக்கொண்டு வருவாள். வயது நாற்பத்தாறு. பைத்தியமெல்லாம் இல்லை. நம் உயிரணுக்களுக்குள் இரண்டே கால்களை வைத்துக்கொண்டு சரக்குச் சுமக்கும் ஒரு புரதம் இருக்கிறது. அதன் ஓரடி எட்டு நானோமீட்டர். அந்த நடையைக் கணக்காக எழுதுவதுதான் பதினொரு வருடமாக அவள் பிழைப்பு. காலுக்கு வராத நடை கணக்குக்கும் வராது என்பது அவள் கட்சி.

போன வருடம் அவள் கணக்கில் புரதம் பின்பக்கமாக நடந்தது. பெரிய கண்டுபிடிப்பு என்று எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்துவிட்டாள். மூன்றாம் நாள் பார்த்தால் ஒரு கழித்தல் குறி விட்டுப்போயிருந்தது. இனிப்பைத் தின்ற அதே வாய்கள் அவளுக்கு ‘மைனஸ் அக்கா’ என்று பேர் வைத்தன. நன்றி கெட்ட கூட்டம்.

இந்த முறை கேள்வி வேறு. போகும் வழியில் தடை வந்தால், நூறு தடவையில் எத்தனை தடவை புரதம் பக்கத்துத் தடத்துக்குத் தாண்டும்? அந்த ஆய்வகத்து வழக்கப்படி, அளப்பதற்கு முன்பே கணக்குக்காரர் தன் எண்ணை எழுதி உறையில் ஒட்டிவிட வேண்டும். மந்தாகினி முப்பத்துநான்கு என்று எழுதி ஒட்டினாள். தப்பினால் பதினொரு வருடக் கணக்கும் பரணுக்குப் போகும். தலைவி சரோஜா மேடம் அதைச் சொல்லியே விட்டார்.

அளக்கும் வேலை தார்வாட்காரன் வீரேஷ் அங்கடியுடையது. ஏப்ரலில் ஒரு மத்தியானம் நுண்ணோக்கி அறையிலிருந்து வந்தான்.

"இருபது."

உறையைக் கிழித்தார்கள். அறையே சிரித்தது.

"என்னக்கா, இந்தத் தடவை எந்தக் குறியை விட்டீங்க?" என்றான் வீரேஷ். அவள் முகம் செத்துப்போனதைப் பார்த்ததும் குரலை இறக்கினான். "விடுங்க. கணக்குல ஏதாவது ஒண்ணை லேசாத் திருகுங்க, இருபது வந்துரும். ஊர்ல எல்லாரும் செய்யறதுதானே?"

திருகலாம்தான். மடிக்கணினியைத் திறக்கவும் திறந்தாள். அப்போதுதான் கண்ணில் பட்டது.

"டேய், இந்த வெயில்ல எதுக்குடா ஸ்வெட்டர் போட்டிருக்கே?"

"உள்ள ஏசி பதினெட்டுல ஓடுதுக்கா. சூடு ஏறினா நுண்ணோக்கி இம்மி நகர்ந்துரும், படம் தப்பிரும்."

"அட பாவி! நான் முப்பத்தேழுல போட்டிருக்கேன்டா! உடம்புச் சூட்டுல!" சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறிவிட்டது.

அவ்வளவு சின்ன உலகத்தில் சூடுதான் எல்லாம். தண்ணீர்த் துகள்கள் நாலு பக்கமும் இடித்துத் தள்ளுவதால்தான் அந்தக் கால் பக்கத்துத் தடத்துக்கே எட்டுகிறது. இதைப் பதினொரு வருடம் பாடம் எடுத்தவளுக்கு அறையின் குளிரைக் கேட்கத் தோன்றவில்லை. அளந்தவனுக்கும் சொல்லத் தோன்றவில்லை. படித்தவர்கள் கோட்டைவிடுவது இப்படித்தான்.

"அப்போ பதினெட்டுக்கு இப்பவே கணக்குப் போட்டுக் காட்டு," என்றார் மேடம்.

"மாட்டேன் மேடம். விடை தெரிஞ்சப்புறம் போடற கணக்கை நானே நம்பமாட்டேன். முப்பத்துநாலு அப்படியே இருக்கட்டும். இவன் அறையைச் சூடாக்கட்டும்."

"நுண்ணோக்கி நகர்ந்தா?" என்றான் வீரேஷ்.

"நீயும் கூடவே நகருடா!"

நாலு நாள் வீரேஷ் இரண்டு ஹீட்டர்களுக்கு நடுவே பனியனோடு வெந்தான். கடைசி நாள் மந்தாகினி உப்புமாவைத் தொடாமல் வாசலிலேயே நின்றாள். கதவு திறந்தது. வியர்வை சொட்டச் சொட்ட அவளைப் பார்த்தான்.

"இருங்க, இன்னொரு தடவை எண்ணிட்டு வரேன்." கதவு மூடிக்கொண்டது.

அவள் தாழ்வாரத்தில் பதினான்கு தடவை புரதமாக நடந்தாள். தண்ணீர் டிரம் எதிர்ப்பட்டபோது பக்கத்தில் தாண்டவும் செய்தாள்.

"முப்பத்திமூணு!" உள்ளிருந்தே கத்தினான். "அக்கா, முப்பத்திமூணு! உள்ள வாங்க, வந்து பாருங்க!"

அத்தனை வருடத்தில் அவள் அந்த அறைக்குள் போனதே இல்லை. திரையில் புரதம் ஓர் ஒளிப்புள்ளியாக நேர்கோட்டில் வந்தது. தடையில் முட்டியது. நின்று தள்ளாடியது. சட்டென்று பக்கத்துத் தடத்தில் கால் வைத்து, ஒன்றும் நடக்காததுபோல் மேலே போனது.

உறையில் எழுதியதற்கு ஒன்றுதான் குறைவு; மந்தாகினிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அப்படித்தான்டா கண்ணு," என்று திரையைப் பார்த்துச் சொன்னாள். "அப்படித்தான். போ."