சித்திரையில் ஒரு கம்பளிக் கோட்டு

என் எழுத்து கோழி கிறுக்கல். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. எங்கே சின்ன 'ர', எங்கே பெரிய 'ற' என்பதில் இன்றைக்கும் தகராறுதான். இந்தப் பத்திரிகையில் அச்சுக் கோக்கிற தம்பி வாராவாரம் திருத்திவிடுகிறார், நீங்கள் தப்பித்தீர்கள். மன்னிப்பு அவரிடம்தான் கேட்க வேண்டும்!

இது இந்த வருஷம் சித்திரையில் நடந்தது. கூச்சத்தில் எழுதாமலே தள்ளிப்போட்டேன்.

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்குகிற கம்பெனி ஒன்றில் உலைக்கு முன்னால் நிற்கிறவன் நான். வீட்டுக்கு வந்தால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை—அது இரண்டாவது உலை. அதற்கடியில் என் சம்சாரம் கன்னியம்மா. பழவேற்காட்டுக்காரி. ஒருநாள் விசிறியை வீசிப் போட்டாள்.

"நாலு புள்ள பெத்துட்டேன். பல்லு ஆடுற குளுரு இன்னான்னே தெரியாது. ஒருவாட்டி குளுரணும்யா எனக்கு!"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தனக்கென்று அவள் வேறு எதைக் கேட்டாள்? யோசித்துப் பார்த்தேன்... ஒன்றுமில்லை.

அவள் தம்பி ஏழுமலை, ஏலகிரியில் ஒரு பங்களாவுக்கு வாட்ச்மேன். பங்களாவுக்குப் பின்னால் அவனுக்கு ஓட்டு வீடு. பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, சனி ஞாயிறுக்குக் கிளம்பினோம்.

என் கக்கத்தில் பழைய கம்பளிக் கோட்டு. உலைச் சூடு தாக்காமலிருக்கக் கம்பெனி கொடுத்தது. பொத்தல் விழுந்ததும் புதுசு கொடுத்து, இதை என்னையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

ஸ்டேஷன் டீக்கடைக்காரர் விடுவாரா? "இன்னா நைனா, கத்திரி வெயில்ல கம்பளி தூக்கினு போற? மூளை உருகிப்போச்சா?"

மலைக்குப் போனால்... அங்கேயும் வெயில்! கன்னியம்மா முந்தானையால் விசிறிக்கொண்டாள்.

"ஏண்டா, இதுவா உன் குளுரு?"

"சாயங்காலம் பாருக்கா" என்றான் ஏழுமலை.

சாயங்காலம் வந்தது. குளிர் வரவில்லை. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை. மறுநாள் மத்தியானம் பஸ் ஏற வேண்டும்.

விடியும் நேரம் ஓட்டின்மேல் சடசடவென்று மழை. அது ஓய்ந்ததும் ஒரு காற்று அடித்தது பாருங்கள்... எழுந்து பார்த்தால் வாசற்படியில் கன்னியம்மா. பல் கடகடவென்று ஆடுகிறது. சிரிப்பு வேறு.

"யோவ்... குளுருதுய்யா!"

லாட்டரி விழுந்த மாதிரி சொன்னாள். கோட்டைப் போர்த்திவிட்டேன்.

"நீ மட்டும் இன்னா மரமா? உள்ள வாய்யா."

போனேன். தீப்பொறி பட்ட பொத்தல்களில் விரலை விட்டு விட்டுப் பார்த்தாள். "இம்மாம் தெறிக்குமா?" என்றாள். கோட்டை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டேன்.

டீயோடு வந்த ஏழுமலை நின்றுவிட்டான். "இன்னா மாமா, ஒரே கோட்டுல ரெண்டு தலை!"

மலைக்குளிரிலும் எனக்கு வேர்த்துவிட்டது.

சித்திரை மாசத்தில் எங்கள் ஊரில் புருஷன் பெண்டாட்டி ஒட்டி உட்கார்ந்தால் சண்டையில்தான் முடியும். வெயிலுக்குப் பயந்தா ஜனங்கள் மலைக்குப் போகிறார்கள்? எனக்கென்னவோ சந்தேகம்!

இப்போது எங்கள் ஊரிலும் கொஞ்சம் குளிர். "கோட்டை எங்கய்யா வெச்ச?" என்று உள்ளேயிருந்து குரல். நிறுத்திக்கொள்கிறேன்.

மார்கழி ஒன்பது.