மீனுக்கு முதுகு காட்டிய மீன்கொத்தி

மரக்கட்டையில் செதுக்கும் பறவை துணியில் இடவலம் மாறி விழும் என்று ஊர் ஊராகப் பாடம் நடத்தும் நானே அதை மறந்துவிட்டேன்.

திருவனந்தபுரம் ஆரியசாலையில், என்னிடம் அச்சுப் படித்த செல்லம்மை இப்போது அக்கம்பக்கத்துப் பெண்களுக்குச் சொல்லித்தருகிறாள். துணி பிடித்தால் அவர்களுக்கு வேலை தருவதாகச் சொன்ன ஜவுளிக்கடை முதலாளி எதிரில் நிற்கிறார். நானே செதுக்கி, ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த மீன்கொத்திக் கட்டையை நான் ஜம்பமாகக் குத்துகிறேன். செல்லம்மை அச்சிட்டிருந்த மீனுக்கு முதுகைக் காட்டி உட்கார்கிறது பறவை.

"மீனோட பிணக்கமோ, சாரே?" என்கிறார் முதலாளி.

செல்லம்மை சிரிக்காமல், அலகுக்கு நேரே இன்னொரு மீனை அச்சிடுகிறாள். இப்போது எதைத் தின்பதென்று பறவை யோசிப்பதுபோல் இருக்கிறது.

"கொள்ளாமே! எல்லா முண்டுக்கும் இதையே அடிங்க" என்று பாராட்டுகிறார் முதலாளி.

"என் மாணவியாக்கும்!" என்று பூரித்துப்போய் மறுபடி கட்டையை எடுக்கிறேன்.

"சாரே, அதை அங்கன வச்சிட்டு மாறி நில்லுங்க" என்கிறாள் செல்லம்மை.