ஒடென்சேயில் ஒரு சந்தாலி ஆட்டம்

டென்மார்க்கின் ஒடென்சே நகரில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு. "இண்டைக்கும் பிள்ளையள் எழும்பிப் போனா நிர்வாகத்தார் வகுப்பை மூடிப்போடுவினம், அண்ணை," என்று ஆசிரியை வாசலிலேயே எச்சரிக்கிறார்.

ஜார்க்கண்ட் பக்கப் பழங்குடி மொழியான சந்தாலியில் எழுதிய கவிஞர் ஒருவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தன் ஊரில் பள்ளி நடத்தி, தாய்மொழி எழுத்துகளைப் பாட்டாக்கி, கைகோத்து ஆடவைத்தே கற்பித்தவர். நானோ அவர் பிறந்த ஊர், ஆண்டு என்று குறிப்புத்தாளைப் பார்த்து வாசிக்க ஆரம்பிக்கிறேன்.

இரண்டு பிள்ளைகள் வாசலுக்குப் போய் ஷூ மாட்டுகிறார்கள். ஆசிரியையின் முகம் வெளுக்கிறது. குறிப்புத்தாளை மடித்துவிட்டு, அவர்கள் கையைப் பிடித்து "அ, ஆ" என்று ஆடத் தொடங்குகிறேன். தொப்பை ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். வகுப்பே சிரித்தபடி வரிசையில் சேர்கிறது. ஷூக்கள் மூலைக்குப் பறக்கின்றன.

ஆசிரியை மட்டும் சிரிக்கவில்லை. "வாற சனியும் வருவியளோ?"

"நாளைக்கு எனக்கு ஃபிளைட்டுங்க."

"அப்ப இந்த ஆட்டத்தை எனக்குப் பழக்கிப்போட்டுப் போங்கோ," என்று கையை நீட்டுகிறார்.