வரிசையில் நின்ற ஊன்றுகோல்

எங்கள் ரப்பர்த் தோட்டத்துக் குழாயடியில் ஒரு வழக்கம் இருந்தது. நிற்க முடியாதவர்கள் வாளியை வரிசையில் வைத்துவிட்டு ஓரமாக உட்காரலாம். பின்னால் நிற்பவர் தம் வாளியோடு அதையும் நகர்த்திக்கொண்டே போவார். யாரும் தாண்டமாட்டார்கள். இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பிப்போன என் தங்கைக்கு அந்த வழக்கம்தான் பாதிக் கால்.

எழுபதுகளின் கடைசியில், மலேசியாவின் ஈப்போ நகரத் திடல் ஒன்றில் ராட்டினம் வந்திருந்தது. ஒரே ஒரு தடவை உச்சிக்குப் போய்விட வேண்டுமென்று அவளுக்கு ஆசை. பஸ் பிடித்துப் போனோம். வரிசை திடலைச் சுற்றி வளைந்து கிடந்தது. சுண்ணாம்புக் குன்றுகளுக்கு மேல் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"அண்ணே, நான் அங்க ஒக்காந்துக்கிறேன். என் எடத்துக்கு இத வச்சுக்கங்க" என்று ஊன்றுகோலை என்னிடம் கொடுத்துவிட்டு, திடலின் நுழைவாயில் பக்கம் விளக்குக் கம்பத்தடியில் கிடந்த மரப்பெட்டியில் உட்கார்ந்தாள். வாளிக்குப் பதில் கோல். எனக்கும் தப்பாகத் தெரியவில்லை.

"அண்ணே, தொங்காட்டுக்கும் டிக்கெட்டா?" என்றார் பின்னால் நின்றவர், ஊன்றுகோலைக் காட்டி.

"ஆளு அங்க இருக்குலா. இது அவ எடம்."

"சரிலா. மேல போனா என்னா தெரியுதுன்னு தொங்காட்டையே கேட்டுச் சொல்லுங்க."

சிரித்தோம். தங்கை தூரத்திலிருந்து கையசைத்தாள். நான் வைத்த ஒவ்வோர் எட்டுக்கும் கோல் அவளை விட்டு விலகிக்கொண்டிருந்தது. 'கூட்டத்துக்குத் தலை இல்ல, காலு மட்டுந்தான்' என்று தோட்டத்து லயன் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. ஏனோ அது நினைவுக்கு வந்தது.

இடி விழுந்தது. விளக்குகள் அணைந்தன. "கரண்டுக் கம்பி அறுந்துருச்சு!" என்று எவனோ கத்தினான். மொத்த வரிசையும் திரும்பி வாயிலை நோக்கி, அதாவது அவளை நோக்கி, ஓடியது. கோலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

விளக்கு வந்தபோது பெட்டி நொறுங்கிக் கிடந்தது. அவள் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். நல்ல காலில் நகம் பிய்ந்து ரத்தம். கம்பி எதுவும் அறுந்திருக்கவில்லை.

ராட்டினக்காரர் ஓடிவந்து, "எறங்கி வெளிய வர்ற வழியா வந்து ஏறிக்கம்மா. கியூவே வேணாம்" என்றார். முன்பே கேட்டிருக்கலாம். எங்களுக்குக் கேட்கத் தெரியவில்லை.

அவள் மேலே பார்க்கவே இல்லை. கையை நீட்டினாள். "கோலக் குடுங்க."

மறுநாள் குழாயடியில் கட்டுப்போட்ட காலோடு வரிசையில் நின்றாள். "ஒக்காரு தங்கச்சி, வாளியத் தாண்டி எவ போவா?" என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

"இல்லக்கா, நிக்கிறேன்" என்றாள், கோலை இறுகப் பிடித்தபடி, பின்னால் நின்றவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே.