மேனேஜ் பண்ணிக்கிறேன்

ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். மனைவி போய் மூன்று வருடம். யார் நலம் விசாரித்தாலும் ஒரே பதில்தான்: "மேனேஜ் பண்ணிக்கிறேன்." வெளியூரில் இருக்கும் மகளுக்கு அந்தப் பதில் போதவில்லை. அப்பாவைத் தனியாக விடலாமா, முதியோர் இல்லத்தில் சேர்க்க வேண்டுமா என்று பார்த்துச் சொல்ல என்னை அனுப்பினாள். முப்பது வருடமாக நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறேன். வாயால் சொல்வதை நம்பமாட்டேன். செய்து காட்டச் சொல்வேன்.

காட்டினார். மேல் பொத்தானை மட்டும் கழற்றிச் சட்டையைத் தலைவழியே மாட்டிக்கொண்டார். மாத்திரை அட்டை செருப்புக்குள் இருந்தது. மிதித்தால் ஞாபகம் வருமாம். கட்டிலிலிருந்து குளியலறை வரை பிடித்து நடக்க நைலான் கயிறு.

"இதுக்கெல்லாம் லைசென்ஸ் இருக்கா டிரைவர் சார்?"

"இந்த ரூட்ல நான் ஒருத்தன்தான் சிஸ்டர். எதிர்ல வண்டியே வராது."

"சரி, தரையில உட்கார்ந்து எழுந்திருங்க பார்ப்போம்."

முகம் மாறியது. இதில்தான் பலர் தோற்பார்கள். தோற்றால் இல்லம்தான் என்று அவருக்கும் தெரியும்.

உட்கார்ந்தார். ஒருக்களித்து, குப்புறத் திரும்பி, முழங்கையால் நகர்ந்து நாற்காலியைப் பிடித்தார். ஒரு காலை ஊன்றி எழுந்தார். எங்கள் பயிற்சியில் சொல்லித்தரும் அதே முறை.

"யார் சொல்லிக் கொடுத்தா?"

"யாருமில்ல. போன மாசம் காலையில விழுந்தேன். இதைக் கண்டுபிடிக்கறதுக்குள்ள சாயங்காலம் ஆயிடுச்சு."

"மககிட்ட சொன்னீங்களா?"

"அன்னைக்கு ராத்திரி போன் பண்ணுச்சு. மேனேஜ் பண்ணிக்கிறேன்னேன்."

மகளை அழைத்து, விழுந்ததையும் சொன்னேன், எழுந்ததையும் சொன்னேன். அழுதாள். "இல்லத்துலயே சேர்த்துடலாமா சிஸ்டர்?"

"எழுந்திருக்கத் தெரியுது. விழுந்தா கேக்கத்தான் ஆளில்ல. ஒரு மாசம் நான் பார்க்கறேன். அப்புறம் பேசுவோம்."

அவரிடம் மாற்றுச் சாவியை வாங்கிக்கொண்டேன். "தினமும் காலையில ஏழு மணிக்கு எனக்குப் போன் வரணும். அஞ்சு நிமிஷம் தாண்டினா கதவைத் திறந்துட்டு வந்து நிப்பேன்."

"கண்டக்டர் இல்லாம ஓட்டிப் பழகிட்டேன் சிஸ்டர்."

"இனிமே விசில் என் கையில."

மறுநாள் ஆறே முக்காலுக்கே போன் அடித்தது.

"எப்படி இருக்கீங்க?"

"மேனேஜ் பண்ணிக்கிறேன்."

"நல்லது. வைங்க."

வைக்கவில்லை. என் அடுப்பில் பால் பொங்கி வரும்வரை அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"சொல்லுங்க" என்றேன்.