மறுகாலில் மணல் மூட்டை

ஆரல்வாய்மொழிப் பக்கம் மேகம் கட்டினால் எனக்கு இருப்புக் கொள்ளாது. அடுப்பில் பால் கிடப்பதுகூட மறந்துபோகும். வருவாய்த் துறையில் வேலை. மழைக்காலத்துக்கு முன்னால் குளம் குளமாகப் போய், கரை உடைந்தால் எந்த வீட்டுக்குள் தண்ணீர் ஏறும் என்று பார்த்து, அபாயம் அதிகமா குறைவா என்று போனில் பதிய வேண்டும். யாரைக் கேட்டாலும் குறைவு என்பார்கள். என் அண்ணனும் அப்படித்தான். அவன் வீடோ குளத்தங்கரைக்கு நேர் கீழே இருக்கிறது. முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் கரை தெரியும்.

போன ஐப்பசியில் அந்தக் குளத்தைப் பார்க்கப் போனேன். குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் தானாக வழிந்து போக மறுகால் என்று ஒரு தாழ்வான சுவர் இருக்கும். அதன்மேல் மணல் மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். கும்பப்பூ என்கிற இரண்டாம் போக நெல்லுக்குத் தண்ணீர் காணாது என்று கூடுதலாகத் தேக்குகிற வேலை. அடுக்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் கரைக்குக் கீழே குடியிருப்பவர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணே, கரை ஊறிப்போய்க் கெடக்கு. மூட்டைய எடுக்கச் சொல்லு."

"ஏட்டி, கால்வாய்த் தண்ணி என்னைக்காவது நம்ம வயலு வரைக்கும் வந்திருக்கா? பயிரு காஞ்சா நீ வந்து நனைப்பியா?"

அபாயம் அதிகம் என்று பதிந்துவிட்டு வந்தேன். பதிந்தால் கரை கெட்டிப்பட்டுவிடுமா? மழை பிடித்தது. ஒரு மத்தியானம் பொறுக்க மாட்டாமல், ஆபீசில் சொல்லி ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் மூட்டைகளை எடுக்க வைத்தேன். தண்ணீர் சீறிக்கொண்டு ஓடியது. அண்ணன் குடையை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டு, நனைந்தபடியே பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்று சாயங்காலமே மழை விட்டுவிட்டது. கார்த்திகையில் ஒரு தூறல்கூட இல்லை. கடைசி வயல்களில் கதிர் பதராகப் போனது, அண்ணன் வயலும் சேர்த்து.

"கொளம் ஒடஞ்சுதா?" என்று மட்டும் கேட்டான். கோயில் கொடைத் திருவிழாவுக்குக்கூட என்னைக் கூப்பிடவில்லை. குளம் உடையாததால், நான் செய்தது சரி என்று காட்ட என்னிடம் ஒன்றுமே இல்லை. அவன்மேல் கோபம், அவன் வயலை நினைத்தால் அழுகை. இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு வருடம் ஓட்டினேன்.

இந்த ஐப்பசியில் மறுபடியும் மூட்டைகள். போன தடவையைவிட உயரம். எடுக்க வேண்டும் என்று ஆபீசில் எழுதிக் கொடுத்தேன். போன வருடப் பதரைச் சொல்லி எல்லோரும் இழுத்தடித்தார்கள்.

போன வாரம் வானம் இருட்டிக்கொண்டு வந்தபோது வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. அண்ணியும் அவள் மகளும் இறங்கினார்கள். கூடவே ஸ்கூல் பை, துணிமணி, வீட்டுப் பத்திரம் வைக்கிற இரும்புப் பெட்டி.

"பிள்ளைக்குப் பரீட்சையில்லா? அங்கன கரண்டு நிக்க மாட்டேங்கு. இங்க இருந்து படிக்கட்டும்னு உங்க அண்ணன் சொன்னாவ" என்றாள் அண்ணி.

பரீட்சைக்கு எதற்குப் பத்திரம் என்று நான் கேட்கவில்லை. உள்ளே போய் அண்ணனுக்குப் போன் போட்டேன். மறுமுனையில் ஒரே மழை இரைச்சல்.

"நீயும் வந்திரு அண்ணே."

"நானும் வந்துட்டா மூட்டைய ஆரு எடுப்பா? மறுகால்லதான் நிக்கேன். பொறுட்டி, தண்ணி கரை ஏற இன்னும் ஒரு சாண் இருக்கு."

போனைக் காதிலிருந்து எடுக்காமலே செருப்பைத் தேடினேன்.